நாற்பது மீட்டர் கீழே

இக்னாட்சி ஐம்பத்தைந்தில் வேலையை விட்டான்.
பத்து வருடம் முன்னதாக,
கம்பெனி நீட்டிய தொகையை வாங்கிக்கொண்டு.
அன்று மாலை காஸ் பில்லின் பின்பக்கத்தில்
கணக்குப் போட்டோம்.
கார் போகும்.
மலையடிவார ஹோட்டலில் வருடத்துக்கு ஒரு வாரம்,
அதுவும் போகும்.
வெண்ணெய் மலிவானதற்கு மாறும்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
"போதும்" என்றான்.
கணக்கை நிறுத்தச் சொன்னானா,
பணத்தைச் சொன்னானா,
அன்று எனக்குப் பிடிபடவில்லை.

முப்பத்திரண்டு வருடம்
க்டினியா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான்.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி,
ஒரு ஃபிளாஸ்க், இரண்டு கைப்பிடி.
கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்துப் பார்த்து
கழுத்து அப்படியே நின்றுவிட்டது.
மனிதர்கள் என்றால் அவனுக்கு
மஞ்சள் தொப்பிகள்.
பதினெட்டு வருடம் கீழே நின்று சைகை காட்டிய வித்தோல்டை
ஒரு சாவு வீட்டில் பார்த்து
யார் இவர் என்று என் காதில் கேட்டான்.

முதல் மாதம் தரை பழகவில்லை.
நான்கு மணிக்கே எழுந்து
விளக்குப் போடாமல் சமையலறையில் நிற்பான்.
ஜன்னலில் காற்றை அளப்பான்.
காற்று பலத்தால் கிரேனைத்தான் நிறுத்த வேண்டும்,
பாத்திரம் கழுவுவதை அல்ல என்று
சொல்லித்தான் நம்ப வைத்தேன்.

எனக்கு மருந்துக்கடையில்
இன்னும் ஒன்பது வருடம் பாக்கி.
ஆறரை டிராலிபஸ்ஸில் ஏறித் திரும்பினால்
வீட்டுச் செருப்போடு படியில் நின்று கையசைப்பான்.
பொறாமைதான், மறைப்பானேன்.
ஒரு நாள் கத்தியே விட்டேன்:
நாள் முழுக்க என்னதான் செய்கிறாய்?

அதன் பிறகுதான் சொல்ல ஆரம்பித்தான்,
புளித்த மாவு சூப்பைக் கிண்டிக்கொண்டு,
ஷிப்ட் முடிந்து அறிக்கை கொடுப்பவன்போல.

பேக்கரியில் ரொட்டி ஏழு பத்துக்கு வெளியே வருகிறது.
வாசலிலேயே முனையைப் பிய்த்துத் தின்றுவிட வேண்டும்,
வீடு வரை பொறுத்தால் அது வெறும் ரொட்டி.
மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு
ஒரு கண் பச்சை, ஒரு கண் பழுப்பு. பெயர் லுட்மிவா.
தோட்டத் துண்டில் முள்ளங்கி தலைகாட்டிவிட்டது,
எறும்புகளுக்கு ஆட்சேபமில்லை.
பிறகு, கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி:
பதினொரு மணிக்கு நம் நாற்காலிக்கு வெயில் வருகிறது,
பன்னிரண்டே காலுக்குப் போகிறது.
இத்தனை வருடம் ஆளில்லாத நாற்காலிக்கு
வந்து வந்து போயிருக்கிறது, பாவம்.

பொழுது போகிறதா என்று
அவன் தம்பி போனில் கேட்கிறான்.
போகாமல்?
முன்பு வாசலோடு போய்விடும்.
இப்போது உள்ளே வந்து
ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போகிறது.

பிப்ரவரியில் பாய்லர் கெட்டது.
பதினோரு நாள் கோட்டோடு தூங்கினோம்.
கடைசி வெண்ணெய்க் கட்டியை
இருவரும் முறைத்துப் பார்த்த காலையும் உண்டு.
இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியது பொய்.

போன ஞாயிறு குன்றின் மேல் பெஞ்சில் உட்கார்ந்தோம்.
கீழே துறைமுகம்.
அவனுடைய கிரேன் வேறு யாருக்காகவோ
ஒரு நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தது.
பார்ப்பான், பெருமூச்சு விடுவான் என்று
கைக்குட்டையைக்கூட எடுத்து வைத்தேன்.
அவனோ என் பக்கம் திரும்பி,
உன் மூக்கோரம் இந்த மச்சம்
எப்போது வந்தது என்கிறான்.

பிறந்தபோது, என்றேன்.

அப்படியா என்று
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
கிட்டத்தில் வந்து பார்த்தான்.
நாய் கூட்டிவந்த இரண்டு பையன்கள்
எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.
"போதும்" என்றேன்.
அவன் நிறுத்தவில்லை.