ஒரு தோள் அளவு

ஞாயிறு ஆறு மணிக்கே சுண்ணாம்பு வாளியோடு போய்
ஆஸ்டின் டவுன் மைதானத்தில் கோடு போட்டேன்.
கயிறு கட்டித்தான் இழுத்தேன். ஆனாலும்
டிரான்ஸ்பார்மர் பக்கம் கோடு கொஞ்சம் ஒதுங்கிப் போகும்.
எல்லா வருஷமும் அப்படித்தான்.
அங்கே வந்ததும் கைக்குத் தானாக ஒரு பயம்.

இருபது வயதுக்கு உட்பட்டோர். எட்டு நாடுகள்.
எதுவும் விமானத்தில் வரவில்லை.
கொத்தனூரிலிருந்து புருண்டி நான்கு ஆட்டோவில் வந்தது,
ஹென்னூரிலிருந்து காங்கோ டெம்போவில்.
சாட் ஒன்பது பேராக வந்து நின்று
மீதிப் பேருக்கு டெங்கு என்றது.
தான்சானியா கோலிக்குக் கையுறை இல்லை;
எங்கள் கௌதமபுரத்துப் பையன் கழற்றிக் கொடுத்தான்,
கொடுத்துவிட்டு அரை நாள்
தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேசிய கீதம் போனிலிருந்து ஒலிபெருக்கிக்கு.
ருவாண்டாவின் பாட்டு நடுவில்
சமையல் எண்ணெய் விளம்பரம் புகுந்தது.
ஒருவரும் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை.
எண்ணெய்க்கும் நிமிர்ந்தே நின்றார்கள்.

நான் லைன்ஸ்மேன். மஞ்சள் கொடி.
மற்ற ஆறு நாளும்
சாந்திநகர் பஸ் நிலையத்தில் ஜெராக்ஸ் கடை.
மேல் மாடியில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்
என்பதால் இந்த நாடுகள் எனக்குப் பழக்கம்.
கண்ணாடிமேல் முகத்தைக் கவிழ்த்து மூடியை அழுத்தினால்
வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் ஓடும்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

புருண்டியின் பதினேழாம் எண், டெசிரே நியொன்குரு,
போன மாதம் ஆறு செட் எடுத்தான்.
வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் கையெழுத்து இல்லையென்று
மூன்று தடவை மாடி ஏறி இறங்கினான்.
பிறந்த தேதி எனக்கு மனப்பாடம்:
என் மகளுக்கு மூன்று நாள் மூத்தவன்.

அரையிறுதியில் எதிரே ருவாண்டா.
இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே பேச்சு என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
இந்தப் பக்கத்துக் கோலி திட்டினால்
அந்தப் பக்கத்து ஃபார்வர்டு உடனே சிரிக்கிறான்.

கடைசி நிமிடம். பின்னாலிருந்து உயரமாக ஒரு பால்.
டெசிரே ஓடினான். கோட்டோரம் நானும் ஓடினேன்.
ஐம்பத்தொரு வயது முழங்கால் அரை அடி பிந்தியது.
உதைக்கிறவன் காலைப் பார்த்தால்
ஓடுகிறவன் தோள் தெரியாது.
தோளைப் பார்த்தால் கால் போய்விடும்.
கொடி உயர்ந்தது.
உயர்த்தினேன் என்றுதான் சொல்லவேண்டும்;
ஆனால் உயர்ந்தது.

பால் வலைக்குள். அவனோ
சட்டையைக் கழற்றிக்கொண்டே பாதி மைதானம் வந்துவிட்டான்,
முகம் சட்டைக்குள்.
ஆஃப்சைடு என்பதை
எல்லாருக்கும் கடைசியாக அவன்தான் பார்த்தான்.

கத்தவில்லை. சட்டையைத் திரும்ப மாட்டினான்.
பதினேழு முன்பக்கம் வந்திருந்தது.
பெனால்டியில் ருவாண்டா வென்றது.

திங்கள் பதினொன்றரை, கடையில் கூட்டம்.
பாஸ்போர்ட்டை நீட்டி, ஆறு அங்கிள், என்றான்.
கவிழ்த்தேன். அழுத்தினேன். வெளிச்சம் ஓடியது.
சில்லறை வாங்கும்போது
கட்டைவிரலையும் ஆள்காட்டியையும் சற்றே பிரித்துக் காட்டினான்.
இவ்வளவா?
நான் என் தோளைத் தொட்டேன்.
நம்பினான். அல்லது
வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறதே என்று
தலையாட்டினான்.

அவன் மாடி ஏறிய பிறகு பார்க்கிறேன்,
தட்டில் ஏழாவதாக ஒரு நகல்.
இயந்திரம் தந்ததோ, நான் அழுத்தினேனோ.
தாள் கோணலாக விழுந்திருக்கிறது.
பெயர், தேதி, நாடு எல்லாம் உள்ளே;
வலது தோள் மட்டும்
வெளியே.