காற்றறை

மின்சாரம் போய் நான்காம் நாள்.
பள்ளிக்கரணையில்
தெரு எது, சதுப்பு எது என்று
தண்ணீருக்கே தெரியவில்லை.

செத்த ஃப்ரிட்ஜுக்குள் ஆறு முட்டை.
போனில் மூன்று சதவீதம்,
அதைத் தேடலில் செலவழிக்க மனமில்லை.
மேல்மாடி மெஹருன்னிசா இறங்கி வந்தாள்.
பேக்கரி வேலை.
நாளைக்கு நானூறு முட்டை உடைக்கிற கை.

கேன் தண்ணீரில் ஒரு சொம்பு
சோதனைக்கே போயிற்று.
நான்கு படுத்தன. ஒன்று நிமிர்ந்து நின்றது.
ஒன்று மிதந்தது,
கீழே ஆடிட்டர் வீட்டு கார் போல.

"ஒவ்வொண்ணா உடை. தனித்தனி தம்ளர்ல."

முதலாவதில் சுருண்ட வெள்ளை நூல்.
குஞ்சின் நரம்போ என்று கை பின்வாங்கியது.
"மஞ்சக்கரு நடுவுல நிக்கக் கட்டின கயிறு. தின்னலாம்."
அடுத்ததில் கடுகளவு ரத்தம்.
"கோழிக்குள்ளயே உடைஞ்ச சின்ன நாளம்.
ஒப்பலைன்னா கரண்டியால எடு."
நின்றது பழசுதான், கெட்டதில்லை.
மிதந்ததை மட்டும்
சன்னலோரம் கொண்டுபோய்த் தட்டினாள்.
அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆஃபாயில் கேட்டேன்.
முறைத்தாள்.
முழுக்க வெந்தபிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

குப்பைக்குப் போகவிருந்த ஓட்டின்
பருத்த முனையில்,
சவ்வுக்கும் ஓட்டுக்கும் நடுவே
காலியாய் ஓர் இடம்.
"இது?"
"காத்து. நாளாக ஆகப் பெருசாகும்."

கீழ்வீடுகளும் ஏறி வந்துவிட,
ஐந்து முட்டைக்குப் பதினோரு பேர்.
படகு வரும்வரை
அப்படி ஓர் இடத்தில்தான்
இருந்தோம்.