சூளைக் கணக்கு

சூளை பிரித்து மூன்று நாளாகியும்
நடுவில் இருக்கிற கல் சுடும்.
சாக்குத் துண்டு சுற்றித்தான் எடுப்பார்கள்.
நான் எடுப்பதில்லை, எண்ணுவேன்.
செங்கலடியில் பிறந்துவிட்டு
வேறெதை எண்ண.

கடல் வந்துபோன அடுத்த வருசம்
நாவலடிக்கு வீடு கட்டக் கல் போனது,
உழவு மெசினில், நடைக்கு ஆயிரத்து இருநூறு.
இறக்க வந்தவர்களில் ஒருத்தி
நெட்டை, வெயிலில் மூக்கு உரிந்தவள்.
கனடா என்றாள். மஹீன் என்றாள்.
கையுறை வேண்டாம் என்றாள்.

இந்தப் பக்கத்தில் பஹாய்கள் நாங்கள் பதினொரு பேர்.
பத்தொன்பது நாளுக்கொருமுறை
கனகமலர் வீட்டு முன்னறையில் கூடுவோம்:
ஜெபம், ஊர்ப் பிரச்சினை, பிளேன்டி.
அன்று பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற முறை எனக்கு.
கடிதம் கொண்டுபோன பொடியனைச் சொன்னேன்.

பதினேழு வயது.
கடலோரச் சிறையூரில் கடிதத்தை வாங்கி
நாலு மாதம் நடந்தான்.
ராசா வேட்டைக்கு இறங்கிய கூடாரத்துக்கு எதிரே
ஒரு பாறையில்
வெள்ளை உடுப்போடு காத்திருந்தான்.
மடி தடவிப் பார்த்தார்கள்.
கடிதம் மட்டும்தான்.
மறுகா செங்கல்லைக் காய்ச்சினார்கள்.
அனுப்பியது யார், கூட்டாளி யார்,
கேள்விக்கொரு கல்.
இடையில் படமும் பிடித்தார்கள்;
அந்த ராசாவுக்குப் படப்பெட்டி என்றால் உயிர்.
படத்தில் பொடியன் சங்கிலியோடு இருக்கிறான்,
முன்னால் நெருப்புச் சட்டி,
ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல.

"எந்த ராசா?" என்றான் சின்னவன்.
"பாரசீகத்து ராசா. கஜார் வம்சம்."
"அவர்ர ஆக்கள் இப்ப எங்க?"

தெரியாது என்று சொல்ல வாய் திறந்தேன்.
மஹீன் கோப்பையைக் கீழே வைத்தாள்.
அவள் சொல்லச் சொல்ல
கனகமலரின் மகள் தமிழில் சொன்னாள்,
குரல் இறங்கிக்கொண்டே போனது.

இங்கே இருக்கிறேன் என்கிறா.
தாய்வழியில் ஐந்தாம் தலைமுறையாம்.
அம்மாவின் அம்மா ஒரு பஹாயைக் கட்டினாவாம்,
அரண்மனைச் சொந்தம் பேரையே வெட்டிவிட்டதாம்.
அதைச் சொன்னால்
கை கழுவின மாதிரி ஆகிவிடும் என்று
எங்கேயும் சொல்வதில்லையாம்.

மின்விசிறி மட்டும் சுற்றியது.
பேரின்பராசாதான் செருமினார்:
"இதென்னகா புள்ள, பெரிய கதை?
யோகராசா, தில்லைராசா, நான் பேரின்பராசா.
ராசா இல்லாத ஒழுங்கை ஒண்டு
இஞ்ச கிடக்கா?"
எல்லாரும் சிரித்தார்கள்.
மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்து
அவளும் சிரித்தாள், ஒரு நிமிசம் பிந்தி.

நான் சிரிக்கவில்லை.
சிம்மாசனம் கைமாறி எண்பது வருசமாம்.
வம்சம் என்ன முடியவா செய்கிறது?
விருந்துக்கு வரும், பாய் விரித்தால் இருக்கும்,
இரண்டாம் முறையும் சீனி போடச் சொல்லும்.

தொண்ணூறாம் ஆண்டு, ஓர் ஆவணி இரவு
அண்ணன் வெளியே போனான்.
விடியவந்து கிணற்றடியில்
நெடுநேரம் வாளி வாளியாய் ஊற்றினான்.
எங்கே போனாய் என்று
வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.
மூன்று வருசத்தில் அவனும் இல்லை.
அவனுடைய சட்டை ஒன்றை
நான் கிழியும்வரை போட்டேன்.

மறுநாள் மஹீன் சூளைக்கு வந்தாள்.
பிரித்த அடுக்கின் நடுக்கல்லில்
உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள்.
ஒன்றும் பேசவில்லை.
பேசியிருந்தால் எனக்குப் பிடித்திராது.

அவள் போன பிறகு
ஏறாவூர்க் காக்கா வந்தார்.
பதினைந்து வருசமாக எங்களிடம்தான் கல் எடுக்கிறார்.
அவர் தம்பியைப் பற்றி ஒருமுறை,
ஒரே ஒருமுறை, சொல்லியிருக்கிறார்.
கொப்பியை மூடினேன்.
நாக்கின் நுனிவரை வந்தது.
காக்கா நிழலுக்குள் தள்ளி நின்று
முகத்தைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"எத்தனை கல்?" என்று கேட்டேன்.