அனாமத்து அறுபது

வேலங்குடிக் கண்மாயில் விடுதிப் படகு ஒன்று.
வெள்ளைக்காரர் எட்டுப் பேர், மிதவைச் சட்டை எட்டு,
பலகைக்கு அடியில் நாலு சிலிண்டர் டீசல்.
ஓட்டுவது சேவுகன்.
கணக்கு நான்.

வட்டிக்கடையில் பேரேடு எழுதிய கை,
இன்ஜினுக்கும் அப்படியே எழுதியது.
தேதி. ஆள். டீசல். சூடு.
கைப்பிடியை முழுக்கத் தள்ளினால்
நிமிடத்துக்கு எத்தனை சுற்று.

தை பத்து: 2780. சூடு எண்பத்திரண்டு.
மாசி பிறந்து ஒரு வாரம்: 2710.
மாசிக் கடைசி: 2600.
எதிர்க்காற்று என்றான் சேவுகன். அதையும் எழுதினேன்.
உத்திரத்துக்கு மறுநாள்: 2480.
சித்திரை நாலு: 2350. சூடு தொண்ணூற்று நாலு.
பின்னால் கரிச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி புகை.

ஒரே நாளில் விழுந்திருந்தால்
எவன் காதிலாவது விழுந்திருக்கும்.
இது கந்துவட்டி போல,
பக்கம் கூட்டினால்தான் தெரிந்தது.

"பழைய இன்ஜின்தானே, வயசு" என்றார் வயிரவன் செட்டியார்.
வயசு என்று ஒரு பத்தி
என் ஏட்டில் இல்லை.

தொண்டியிலிருந்து நெய்னா முகமது வந்தார்.
ஸ்பேனர் பையைத் திறக்கவில்லை,
பேரேட்டைத்தான் முதலில் கேட்டார்.
தை முதல் சித்திரை வரை விரலால் இறங்கிவிட்டுச் சொன்னார்:
டீசல் வடிகட்டி அடைத்தால் சுற்று குறையும்,
ஆனால் இப்படிக் கறுக்காது.
பட்டினி கிடப்பவன் ஏப்பம் விடமாட்டான்.
கறுக்கிறது என்றால்
மூச்சு குறைவு,
இல்லை, சுமை கூட.

காற்று வடிகட்டியைத் தட்டினார்.
ஒரு கைப்பிடிச் செம்மண். வரவு முப்பது.
சேவுகன் கண்மாயில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
அடிப்பாசியைச் சுரண்டினான். வரவு நாற்பது.
விசிறியைத் தடவினான்; தாமரைத்தண்டு ஏதும் சுற்றவில்லை,
இலை மடங்கவில்லை.
ஆக 2420.
மீதி?

கட்டின இடத்திலேயே, கியர் இல்லாமல்
முழுக்கத் தள்ளினார் நெய்னா.
ஊசி மூவாயிரத்தைத் தொட்டது. புகையே இல்லை.
"இது சாட்சிதான், தீர்ப்பு இல்லை" என்றார்,
சுமையில்லாமல் எவனும் நிமிர்ந்து நடப்பான்.

நான் அப்போது சேவுகனின் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இடுப்புக்குக் கீழே ஈரம், மேலே காய்ந்திருந்தது.
தையில் இதே கழியில் படகைக் கட்ட
இவன் நீந்தியல்லவா வந்தான்?

கரையோரம் மண் எடுத்த பள்ளம் ஒன்று உண்டு,
இருநூறு கஜம், ஆள் மூழ்கும்.
அங்கே போய்த் தள்ளச் சொன்னேன்.
2720.
பள்ளம் முடிந்ததும் ஊசி தானாக இறங்கியது,
பின்பக்கம் அமிழ்ந்தது,
கலங்கல் தண்ணீர் குன்றாய் எழுந்து துரத்தியது.
அடியில் ஓட இடமில்லாத தண்ணீர்
படகைக் கீழே பிடித்து இழுக்கிறது;
தன் அலையே மேடாகி,
அதில் ஏறி ஏறி
இன்ஜின் இருமுகிறது.

மடைக்கார அழகுமலையிடம் தேதி கேட்டேன்.
எள்ளுக்கு மாசி நாலு, கடலைக்கு மாசி இருபது,
பங்குனியில் இரண்டு முறை, மிச்சத்தை வெயில் குடித்தது.
என் எண்கள் ஒவ்வொன்றும் இறங்கியது
அவர் மடை திறந்த பிறகு.
ஒருவரை ஒருவர் தெரியாமல்
ஒரே கணக்கை எழுதியிருக்கிறோம்.

இப்போது புதுப் பத்தி போட்டிருக்கிறேன்:
மடைக்கல்லில் எத்தனை படி வெளியே.
ஏழு தெரிந்தால் பாதி வேகம்,
எட்டு தெரிந்தால் படகு கரையில்.
செட்டியாருக்கு மனசில்லை, ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

பள்ளத்திலும் அறுபது சுற்று குறைகிறதே?
ஊசிமுனை தேய்ந்திருக்கும் என்கிறார் நெய்னா.
சித்திரைக் காற்றில் சாரமில்லை என்கிறான் சேவுகன்.
வயசு என்கிறார் செட்டியார், மறுபடியும்.
கண்மாய் நிறையும்வரை
எதையும் ஒப்புக்கொள்ள முடியாது.
சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்:
அனாமத்து, அறுபது.