பிணக்குக்குரிய பொருள்

சனிக்கிழமைகளில்
நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் கதிரைகளில்
முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து
ஊர்ச்சண்டை தீர்க்கிறோம்.
மத்தியஸ்த சபை. மூன்று பேர்.
எழுதுகிறவன் நான்.
கரும்பலகையில் வெள்ளிக்கிழமையின் ஏழாம் வாய்ப்பாடு
பாதி அழிந்து கிடக்கும்.

அன்றைக்கு முதலாவது, வேலி.
இரண்டாவது, கட்டாத சீட்டுக்காசு.
மூன்றாவது
வெளியே பூவரசில் கட்டியிருந்தது,
பச்சை நைலோனில்,
வள்ளம் இழுக்கிற கயிற்றில்.

படிவத்தில் ஒரு கூடு: பிணக்குக்குரிய பொருள்.
நாய் என்று எழுதினேன்.
அடுத்த கூடு: பெறுமதி.
பேனையைத் தூக்கிக்கொண்டேன்.

முறைப்பாட்டாளர் கேதாரநாதன்.
வங்கி உத்தியோகம். உவர்மலையில் வாடகைக்கு இருந்தவர்.
நீர்கொழும்புக்கு மாற்றம் வந்தபோது
லொறியில் இடம் காணவில்லையாம்.
"ரெண்டு கிழமையில வந்து ஏத்துறதெண்டுதான்..."
இரண்டு வருஷமும் நாலு மாதமும்.
கோப்பு மட்டும் மடிப்புக் குலையாமல் இருந்தது:
ஊசி போட்ட அட்டை, பதிவுத் துண்டு,
மகளின் மடியில் குட்டியாய் ஒரு படம்.
அட்டையில் பெயர் ஒஸ்கார்.

எதிர்த்தரப்பு சலேத்தம்மா, பாலையூற்று.
மீன் பேசினோடு தினமும் உவர்மலை ஏறுகிறவள்.
பூட்டிய கேற்றடியில் கண்டிருக்கிறாள்.
ஒரு நாள் தலை, ஒரு நாள் குடல்,
ஒரு நாள் விற்காத சூடை.
பிறகொரு நாள் இறக்கத்தில்
பின்னாலேயே வந்திருக்கிறது.
"கடதாசி ஏதும் இருக்கோ?" தலைவர் கேட்டார்.
முன்கையைத் திருப்பிக் காட்டினாள்.
நாலு பல். பழைய தழும்பு.
"முதல் நாள் போட்டது."

தலைவர் ஓய்வுபெற்ற முகாமைக்காரர்,
சொல்லை எடைபோட்டுத்தான் வைப்பார்:
"கைவிட்டதா? ஒப்படைச்சதா? துலைஞ்சதா?
மூண்டும் ஒண்டில்லை, தம்பி.
போகேக்க, கேற்றுக்கு உள்ள விட்டனீரோ, வெளிய விட்டனீரோ?"
கேதாரநாதன் வாய்ப்பாட்டைப் பார்த்தார்.
ஏழெட்டு ஐம்பத்தாறு வரைக்கும் பார்த்தார்.
"வெளிய."

மைதானத்தில் இரண்டு புள்ளிமான்கள்
சோற்றுப் பார்சல் கடதாசி மென்றுகொண்டு நின்றன.
அவற்றைத் தொட்டால் கேட்க ஒரு திணைக்களம் உண்டு.
நாய் அவற்றைப் பார்த்துக் குரைக்கக்கூட இல்லை.
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

நஸ்லிமா டீச்சர்தான் சொன்னா:
"அவிழ்த்துவிடுவம். அதுவே சொல்லட்டும்."
அதற்கு விதியில் இடமில்லை என்றார் தலைவர்.
என்றாலும் எழும்பி வாசலுக்கு வந்துவிட்டார்.

சலேத்தம்மா முடிச்சை அவிழ்த்தாள்.
அது நேரே அவரிடம் போனது.
அழுதது. வாலோடு இடுப்பும் ஆடியது.
சப்பாத்தின் மேல் மூத்திரம் பெய்தது.
நாங்கள் மூவரும்
வேறு வேறு திசைகளில் பார்த்தோம்.

"அதுக்கு நாள் எண்ணத் தெரியாது, ஐயா,"
என்றாள் சலேத்தம்மா,
மீனுக்கு விலை சொல்கிற அதே குரலில்.

அவர் பையிலிருந்து கழுத்துப் பட்டியை எடுத்தார்,
பழைய தோல், பித்தளைக் கொழுக்கி.
கடைசி ஓட்டைக்கும் எட்டவில்லை.
இரண்டு விரல் குறைந்தது.
இரண்டு வருஷத்து மீன்தலை
அவ்வளவு கனம் வைத்திருந்தது கழுத்தில்.
முழங்காலில் இருந்தபடியே
கையை மட்டும் நீட்டினார், கயிற்றுக்காக.

கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.
இடிக்குப் பயம், எழுதுங்கோ.
நேவிக்காரர் வெடி போட்டால்
கட்டிலுக்குக் கீழ் போகும், எழுதுங்கோ.
பாரை முள்ளு குடாது.
இணக்கப் பத்திரத்தில் இதெல்லாம் செல்லாது என்றார் தலைவர்.
ஓரத்தில், சின்ன எழுத்தில் எழுதினேன்.

"கயிறு என்ர. அது திரும்பி வரவேணும்.
தபாலில இல்லை. கையில."
பெறுமதிக் கூட்டில்
கயிற்றின் விலையைப் போட்டேன்: நூற்றெண்பது ரூபாய்.

"எந்தத் திகதிக்குள்ள?" தலைவர் கேட்டார்.
பேசினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு
கொஞ்சம் யோசித்தாள்.
"நாய் இருக்குமட்டும் அவசரமில்லை."

அப்படியே எழுதினேன்.
இருவரும் ஒப்பமிட்டார்கள்.
நாலாவதைக் கூப்பிட்டோம்:
மதிலுக்கு மேலால் நீண்ட மாங்கொப்பு.