முன்பிருந்த நிலை

பேரிடர் உதவிப் படிவம், பதினோராம் கேள்வி:
வெள்ளத்துக்கு முன் பாலம் எந்த நிலையில் இருந்தது?
சான்று இணைக்கவும்.

'இருந்தது' என்று எழுதினேன்.
அழித்தேன்.

ஹாலோ சாலை, மூன்றாம் மைல்.
அதற்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்: பதினான்கு.
பள்ளிப் பேருந்து காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம்
பலகைகளைத் தடதடக்க வைக்கும்.
பால் லாரி ஏறுமுன் கொஞ்சம் தயங்கும்.
இதெல்லாம் சான்றாகாது என்றார்
மான்ட்பீலியரிலிருந்து வந்த டோபி ஸ்லோன்.
நல்ல பையன். சேறு பார்க்காத காலணி.

எது இருந்ததோ அதற்குத்தான் பணம்.
முக்கால் பங்கு வாஷிங்டன் தரும்.
மிச்சத்துக்கு நாங்கள்:
நானூற்றுப் பன்னிரண்டு தலைகள்,
ஒரு உப்புக் கிடங்கு,
பல் தேய்ந்த ஒரு பனிவாரி.

ஆனால் உழைப்பும் கணக்கில் வருமாம்.
எவெரெட் பெல் டிராக்டரில் மரம் இழுத்தது
ஒன்பது மணி நேரம்.
தேவாலய அடுக்களையில் இருநூறு ரொட்டிக்கு
வெண்ணெய் தடவிய மவ்ரீன் கிட்ரெட்ஜ், ஆறே கால்.
கையெழுத்துக்குப் போனேன்.
"இதுக்கும் கூலி எழுதுவியா?"
கதவைச் சாத்திவிட்டாள்.
மறுநாள் தபால்பெட்டியில் தாள் கிடந்தது,
ஆறே காலை அடித்து ஐந்தாக்கி:
'நடுவில் காபி குடித்தோம்.'

படம்தான் கிடைக்கவில்லை.
இந்த ஊரில் மலையை எடுப்பார்கள்,
சிவந்த மேப்பிளை, பிறந்த கன்றை.
தினமும் கடக்கிற பாலத்தை
யார் நின்று படம் பிடிப்பார்?

செவ்வாய் இரவு, என் வீட்டு மேசையின் கீழறையில்,
பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில்
ரோலண்ட்.
கையில் மீன். வாயெல்லாம் பல்.
என்னை விட்டுப் போவதற்கு நான்கு கோடை முன்பு.
அவன் தோளுக்குப் பின்னால், துல்லியமாக,
தெற்குத் தாங்குசுவர், ஆறு உத்தரங்கள்,
துருப்பிடிக்காத கைப்பிடிக் கம்பி.

கத்தரிக்கோலை எடுத்தேன்.
வழிகாட்டி, பக்கம் முப்பத்தொன்று:
படங்களை வெட்டவோ திருத்தவோ கூடாது.

ஆக இப்போது அமெரிக்க அரசின் கோப்பில்
இணைப்பு ஏழாக அவன் நிற்கிறான்.
கீழே நான் தட்டச்சு செய்த வரி:
'பாலம் எண் 14. பயன்பாட்டுக்கு உகந்த நிலை.
முன்னால் நிற்கும் நபர் இக்கோரிக்கையில் அடங்கமாட்டார்.'

பனி விழத் தொடங்கிய வாரம் டோபி கூப்பிட்டார்.
கம்பி எவ்வளவு உயரம் என்று கணக்கிட வேண்டுமாம்.
ஒப்பிட்டுப் பார்க்க
அந்த ஆளின் உயரம் தெரியுமா?

"ஐந்தடி பத்து," என்றேன்,
அவர் கேட்டு முடிப்பதற்குள்.
"அந்த பூட்ஸோடு பதினொன்று."

எழுதிக்கொள்ளும் சத்தம்.
வெளியே பள்ளிப் பேருந்து
பதினேழு மைல் சுற்றிக்கொண்டு வந்து
இரண்டு பிள்ளைகளை இறக்கிவிட்டது,
விளக்கு வைத்த பிறகு.