செவுள் பிழை

வலை காயப்போடுகிற சீமெந்துத் தரையில்
வெள்ளைப் படங்கு இழுத்துக் கட்டி
சங்கத்துப் பெடியள் போட்ட படம்.
கறுப்பு வெள்ளை. இங்கிலீசு.
கடலுக்குள் இருந்து ஒரு பூதம் எழும்பி வரும் என்று
பின்னேரமே ஓட்டோவில் அறிவித்துப் போனார்கள்.

குருநகரில் வந்து கடற்பூதம் காட்டுவது
கொல்லர் தெருவில் ஊசி விற்கிற வேலை.
முகம் தெரிந்த உடனேயே தொடங்கிவிட்டார்கள்:
"செவுள் என்னடா காதுக்குப் பின்னால?"
"செதில் விளைமீன்ர, வால் திருக்கையின்ர."
"நடை எங்கட சம்மாட்டியின்ர!"

பூதம் திரும்பியபோது
முதுகு நெடுக ஒரு ஸிப் மினுங்கியது.
நண்டுக் கொம்பனியில்
காலை ஆறு மணியில் இருந்து ஓடு உடைக்கிறவள் நான்.
ஓட்டுக்கும் சதைக்கும் பொருத்து எங்கே என்று
கண்ணைவிட விரலுக்கு முதலில் தெரியும்.
ஒரே இழுவை போதும், இரண்டாக வரும்
என்று மச்சாளுக்குச் சொன்னேன்.

பாறை காற்றுக்கு ஆடியது.
கதாநாயகி சமதரையில் தடக்கி விழுந்து,
பூதம் ஆறுதலாக நடந்து வரும்வரை
எழும்பாமல் கிடந்து கத்தினாள்.
கண்ணாடி போட்ட பேராசிரியர்
மூன்று நிமிடம் பேசியதை
யூலியஸ் மைக்கில் தமிழாக்கினான்:
"ஆபத்தாம். போக வேண்டாமாம்."
பூதம் உறுமியது மட்டும்
எல்லோருக்கும் நேரே விளங்கியது.

ஆனாலும் அந்தக் கறுப்பு.
கலர்ப் படத்தில் இரவென்றால் நீலம் பூசிவிடுவார்கள்,
மூக்குத்திக் கல்லுக்கூடத் தெரியும்.
இதில் இருட்டு இருட்டாகவே கிடந்தது,
கணவாய் கக்கிய தண்ணீர் மாதிரி.
அதற்குள் இருந்து ஒரு கை
ஓசையில்லாமல் வந்து
வள்ளத்தின் அணியத்தைப் பிடித்தபோது
பகிடி விட்ட வாய் எல்லாம் மூடிக்கொண்டது.
அமாவாசைக் கடலில்
என்னவோ ஒன்று வள்ளத்தை இழுத்துப் பார்த்துவிட்டு விடுகிறதை
இங்கே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும்.
வீட்டில் சொல்லமாட்டார்கள்.
சொன்னால் அடுத்த நாள் போக விடமாட்டோம்.

கடைசிக்கு முந்தின காட்சி, தண்ணீருக்கு அடியில்.
பூதம் நீந்துகிறது. நன்றாகத்தான் நீந்துகிறது.
நெற்றிப் பக்கத்தால்
நூல் பிடித்தமாதிரிக் குமிழி போகிறது.
"செவுள் இருக்கிற சாமானுக்கு என்னத்துக்குக் குமிழி?"
திரும்பவும் சிரிப்பு.

அட்டை குளிக்கிற என் தம்பி ஜெனிஸ்ரன் சிரிக்கவில்லை.
"உள்ளுக்க ஆள் மூச்சுப் பிடிச்சிருக்கு" என்றான்.
எண்ணத் தொடங்கினான்.
பக்கத்துக் கதிரையும் எண்ணியது.
பிறகு முன்வரிசை.

நாற்பது.
கதாநாயகன் ஈட்டியோடு குதித்தான்,
அவனை ஒருவரும் பார்க்கவில்லை.
ஐம்பத்தைந்து.
"றபருக்குள்ள தண்ணி ஏறுது. கால் பாரமாய்ப் போச்சு, பார்."
எழுபது.
ஈட்டி பாய்ந்தது. கறுப்பாக ஏதோ கலங்கியது.
பூதம் கீழே, கீழே.
"ஸிப்பை இழுத்து விடுங்கோவன்!"
என்று பொம்பிளையள் பக்கத்தில் இருந்து ஒரு குரல்.
என்னுடையது.

எண்பத்திரண்டில் வெட்டிவிட்டார்கள்.
பளீரென்று வெயில், மணல்.
அவன் அவளை முத்தமிட்டான்.
யூலியஸ் சொன்னான்:
"பூதம் செத்துப்போச்சாம். படம் முடிஞ்சுதாம்."

படங்கை அவிழ்த்தார்கள். பின்னால் உண்மைக் கடல்,
அதிலும் ஒன்றும் தெரியவில்லை.
பிளாஸ்ரிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டு வந்த பெடியன்
ஜெனிஸ்ரனின் கதிரைக்குக் கை நீட்டினான்.
இவன் எழும்பவில்லை.
கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது:

நூற்றிப் பதினாலு.